எழுதியவர் பெயர் போஸ்டரில் வராது

(சேலத்தில் கல்லூரி மாணவர்களிடம் பேசியது. வளவளவென்று போன இடங்களை வெட்டிவிட்டேன்.)

இந்த ஊரில் நின்று மேடைப்பேச்சைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தைரியம் வேண்டும். 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது இங்கேதான், வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்கச் சொன்ன தீர்மானத்துக்கு 'அண்ணாதுரை தீர்மானம்' என்றே பெயர். எழுதியவரே பேசுவார், அவர் பேரே நிற்கும், நம் பழக்கம் அது. அதனால்தான் தலைவருக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்றால் நமக்கு இளக்காரம். துண்டுச்சீட்டு என்பதே இங்கே வசவு.

அமெரிக்காவில் தலைவருக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பது முழுநேர உத்தியோகம். டெட் சோரன்சன் என்று ஒருவர், நெப்ராஸ்காவில் சட்டம் படித்துவிட்டு வந்தவர், 1953-ல் 24 வயதில் பின்னாளில் அதிபரான, அப்போது புது செனட்டரான ஜான் கென்னடியிடம் சேர்ந்தார். அப்புறம் 1956-க்கும் 1960-க்கும் நடுவே இரண்டு பேரும் ஐம்பது மாநிலங்களையும் சுற்றினார்கள். இப்படிக் கூடவே திரிந்தால்தான் தலைவர் எந்த வாக்கியத்தில் தடுக்குவார், எந்த ஜோக் அவர் வாயில் எடுபடாது என்பதெல்லாம் பிடிபடும்.

1961 பதவியேற்பு உரைக்கு முன்னால், லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார் கென்னடி. சோரன்சன் கண்டது இவ்வளவுதான்: ஒரு சொல் போதும் என்றால் லிங்கன் இரண்டு போடவில்லை, சின்னச் சொல் இருக்கப் பெரியதைத் தேடவில்லை. கென்னடியின் உரை 14 நிமிடத்துக்குள் முடிந்தது. நம் மேடையில் அதற்குள் 'அவர்களே, அவர்களே' கூட முடிந்திருக்காது!

ஆனால் அலங்காரமாக எழுதுவதுதான் இந்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1962 அக்டோபர், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். சோவியத் தலைவர் குருஷ்சேவிடமிருந்து ஒரு கடிதம் இறங்கி வந்து பேசுகிறது, மறுநாள் வந்த இன்னொன்று துருக்கியில் இருக்கும் உங்கள் ஏவுகணையையும் எடு என்று முறுக்குகிறது. எதற்குப் பதில் போடுவது? முதல் கடிதத்துக்கு மட்டும் போடலாம் என்று முடிவானது, அதை அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியும் சோரன்சனும் எழுதினார்கள். துருக்கி விவகாரம் காகிதத்தில் ஏறாமல் சோவியத் தூதரிடம் வாய்வார்த்தையாகப் போனது. எதை எழுதக்கூடாது என்று தெரிய, முடிவெடுக்கிற அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சு எழுதுகிறவர் ஆலோசகராகவும் இருப்பது அதனால்தான், வெளியே உட்கார்ந்து எதுகை மோனை போட்டுக் கொடுக்கிறவரால் இது ஆகாது.

சரி, சோரன்சன் சொந்தமாகத் தேர்தலில் நின்றால்? நின்றார். 1970-ல் நியூயார்க்கில் செனட்டுக்கு, உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். 1976 டிசம்பரில், அதிபராகத் தேர்வாகியிருந்த கார்ட்டர் உளவுத்துறையான சிஐஏவின் தலைவர் பதவிக்கு அவர் பேரைச் சொன்னார், எதிர்ப்பு கிளம்பியதும் 1977 ஜனவரியில் தானே விலகிக்கொண்டார். கென்னடிக்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டது வக்கீல் தொழில்தான்.