அடைப்பே இல்ல, அப்புறம் ஏன் அப்பச்சிக்கு மூச்சு வாங்குச்சு?

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான்ல எங்க வீட்டு வளவுல உக்காந்து பேசுறேன். இன்னைக்குச் சமையலும் இல்ல, வீடு சுத்திக் காட்டுறதும் இல்ல. எங்க அப்பச்சியோட, அதான் எங்க அப்பாவோட இதயத்தப் பத்திப் பேசப் போறேன்.

அப்பச்சி வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி நடக்குறவுக. போன தடவ குன்றக்குடி தாண்டுறதுக்குள்ள ரோட்டோரம் உக்காந்துட்டாக. "மூச்சு எட்டல ஆத்தா"ன்னு சொன்னாக. வீட்டுக்கு வந்த பெறகு முகப்புப் படி ஏறுறதுக்கே ரெண்டு எடத்துல நின்னாக. ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சாத்தான் தூக்கம். கணுக்கால்ல அமுத்துனா குழி விழுந்துச்சு. மொதல்ல காமிச்ச எடத்துல வயசாகுதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவுகளுக்கு 61 தான். ஆனா சர்க்கரை 14 வருஷமா இருக்கு.

அடுத்து ஆஞ்சியோ எடுத்தோம். அடைப்பு இல்ல! ஆத்தா பிள்ளையார்பட்டி போயி தேங்காயே ஒடைச்சுட்டு வந்தாக. மறுநாள் டாக்டர் எக்கோவக் காமிச்சாரு, இதயத்த எடுக்குற ஸ்கேன் அது. இதயத்துல நெறையுற ரத்தத்துல ஒரு துடிப்புக்கு வெளிய தள்ளுறது 35 சதவீதம்தான். சாதாரணமா 55க்கு மேல இருக்கணும். அடைப்பே இல்லாம எப்படி? நான் பயோகெமிஸ்ட்ரி படிச்சவ, டாக்டர் இல்ல. இந்த ஒரு கேள்விக்காக மாசக்கணக்கா உக்காந்து படிச்சேன்.

1972லயே ரூப்ளர்ங்குற அமெரிக்க டாக்டரும் கூட இருந்தவங்களும் இதை எழுதியிருக்காங்க. சர்க்கரை இருந்து, இதயம் செயலிழந்து இறந்துபோன நாலு பேரைப் பரிசோதிச்சா, அந்த அளவுக்கு ரத்தக்குழாய் அடைப்பு யாருக்கும் இல்ல. 1974ல, அமெரிக்காவுல ஃபிரேமிங்ஹாம்ங்குற ஊர்ல நடந்த ஆய்வு வந்துச்சு. சர்க்கரை உள்ள ஆம்பளைங்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல, பொம்பளைங்களுக்கு அஞ்சு மடங்கு. அஞ்சு மடங்கு! நம்ம ஆச்சிமாரு மூச்சு வாங்குதுன்னா "வெயிலு"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவாக. தயவுசெஞ்சு அப்படி விடாதீக.

சரி, உள்ள என்ன நடக்குது? நம்ம கல்யாண வீட்டுக் கொட்டகைய நெனச்சுக்கோங்க. ஒரு பக்கம் கோட்டை அடுப்புல விறகு எரியும், இன்னொரு பக்கம் காஸ். இதயமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்குது, ஆனா கையிருப்பு ஏடிபி, அதாவது செல்லுக்குச் சக்தி குடுக்குற பொருள், சில செகண்டுக்குத்தான் காணும். எரிச்சுக்கிட்டே இருக்கணும். நல்லா இருக்குற இதயம் பாதிக்கு மேல கொழுப்பத்தான் எரிக்கும். அதான் விறகு, நின்னு எரியும், ஆனா காத்து நெறைய கேக்கும். காஸ்தான் சர்க்கரை, கம்மி ஆக்சிஜன்ல வேலை முடியும். பந்திக்குத் தக்கன சமையக்காரர் மாத்தி மாத்திப் பத்த வைப்பாருல்ல, இதயமும் சாப்பாட்டுக்குத் தக்கன மாத்திக்கும். ஒண்ணு நல்லா எரியும்போது இன்னொண்ணு தானா அடங்கும். இதை 1963லயே கேம்பிரிட்ஜ்ல ஃபிலிப் ராண்டில் வெளக்கிச் சொல்லிட்டாரு.

சர்க்கரை நோய்ல அந்த மாத்துற வித்தைதான் போயிருது. இன்சுலின் சொன்னாத்தான் சர்க்கரை உள்ள வர்ற கதவு தெறக்கும். க்ளூட்-4னு அந்தக் கதவுக்குப் பேரு. இன்சுலின் பேச்சு எடுபடலைன்னா, வாசல் முழுக்க சிலிண்டர் அடுக்கியிருக்கு, உள்ள அடுப்பத் திருகுனா காஸ் வரல. அதே நேரம் வயித்துக் கொழுப்புலேருந்து விறகு வண்டி வண்டியா வந்து எறங்குது. எரிக்க முடிஞ்சது போக மிச்சம் உள்ளயே குமிஞ்சு, தசையையே கெடுக்குது. இத்தனை தீனிக்கு நடுவுல இதயம் பட்டினி கெடக்குதுன்னு புரிஞ்ச அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு.

இதுல டேல் ஏபெல்னு ஒரு விஞ்ஞானி இருக்காரு. ஜமைக்காவுல பொறந்து அங்கயே மருத்துவம் படிச்சவரு, இப்ப லாஸ் ஏஞ்சலஸ்ல. அவரும் கூட இருந்தவங்களும் இதயத்துல மட்டும் க்ளூட்-4 இல்லாத எலிய உருவாக்குனாங்க. 1999ல முடிவு வந்துச்சு. அந்தக் கதவு போனதுக்கே இதயம் பெருத்துருச்சு, ஆனா பம்ப் பண்றது கெடல. அதைப் படிக்கும்போது அப்பச்சிதான் ஞாபகத்துக்கு வந்தாக. எத்தனை வருஷம் வெளிய தெரியாம உள்ள மாறிக்கிட்டே இருந்துச்சோ.

"அப்பச்சி ஒல்லியாச்சே"ன்னு கேப்பீக. 2004ல புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்களோட படத்தையே போட்டு எழுதுனாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்குத் தக்கன எடைக் கணக்கு, 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்ம கொழுப்பு பாத்தாத் தெரியாது, வயித்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். தையல் டேப் எடுத்து இடுப்ப அளந்து பாருங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆம்பளைன்னா 90 சென்டிமீட்டர், பொம்பளைன்னா 80. அதுக்கு மேல போனா கவனிக்கணும்.

இப்ப மாத்திரை. எஸ்ஜிஎல்டி-2 வகைன்னு சொல்றாங்க. சர்க்கரைய சிறுநீர்ல வெளியேத்துறதுதான் அதோட வேலை. 2015ல அந்த வகையில எம்பாக்ளிஃப்ளோசின்ங்குற மாத்திரை ஆய்வுல, ஏழாயிரம் பேருக்கு மேல பாத்ததுல, இதய நோயால சாவு 38 சதவீதம் கொறைஞ்சுச்சு. 2019ல அதே வகை டாபாக்ளிஃப்ளோசின், சர்க்கரையே இல்லாத ஹார்ட் ஃபெயிலியர்காரங்களுக்கும் உதவுச்சு. ஏன் உதவுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் வாதம் பண்றாங்க. அப்பச்சிக்கு அதோட வேற மூணு மாத்திரை. ஆறு மாசத்துல எக்கோவுல அந்த 35 சதவீதம் 44 ஆயிருக்கு.

நம்ம ஆளுகளுக்கு ஒண்ணு அழுத்திச் சொல்லணும். இந்த மாத்திரை சாப்பிடுறவுக பிள்ளையார் நோன்புன்னு பட்டினி கெடந்தாலோ, வாந்தி பேதின்னு சாப்பிட முடியாமப் போனாலோ, அன்னைக்கு மாத்திரை போடலாமான்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. ரத்தத்துல அமிலம் ஏறுற ஆபத்து இருக்கு. நீங்களா ஆரம்பிக்கவும் வேணாம், நீங்களா நிறுத்தவும் வேணாம்.

காலையில பல்லு வெளக்குனதும் அப்பச்சி எடை மெஷின்ல ஏறுவாக, நான் நோட்டுல எழுதுவேன். ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுனா நீர் கோக்குதுன்னு அர்த்தம், உடனே போன் பண்ணச் சொல்லியிருக்காரு. தையில பழனி நடக்கலாமான்னு அப்பச்சி தெனம் கேக்குறாக. அடுத்த எக்கோ பாத்துட்டுச் சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்ப சாயங்காலம் செட்டிநாடு ஸ்டேஷன் ரோட்டுல நடக்குறாக, நடுவுல எங்கயும் நிக்கல. இதோ, செருப்பு மாட்டிட்டாக, நானும் கூடப் போறேன்.