அடம்பன் கொடி கட்டும் மணல்மேடு

[காட்சி: பொத்துவில் கடற்கரை, காலை வெயில்]

வணக்கம். பொத்துவிலிலிருந்து பாணமை வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில், அலை ஏறிவரும் எல்லைக்குச் சற்று மேலே, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களோடு படர்ந்திருப்பது அடம்பன் கொடி. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழியால் இதன் பெயரை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் இங்குள்ள மணல்மேடுகளை எழுப்பித் தாங்குவதில் இதற்குள்ள பங்கைப் போதிய அளவு பேசுவதில்லை.

[காட்சி: பூவும் இலையும், மிக அண்மையில்]

காலையில் விரியும் பூ பிற்பகலுக்குள் வாடிவிடுகிறது. அதன் உட்புறத்தில் ஐந்து வரிகள் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓட, அடிப்பகுதி மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். நுனி பிளந்த தடித்த இலை ஆட்டுக் குளம்பை ஒத்தது. கிள்ளினால் பால் கசியும். வத்தாளங்கிழங்கும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். மென்மயிர் போர்த்த இதன் விதைகள் கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்த பின்னரும் முளைக்க வல்லவை.

[காட்சி: மணலை விலக்கிய இடத்தில் வேர்விட்ட கணுக்கள்]

காற்று அள்ளிவரும் மணல் இக்கொடியின் தண்டிலும் இலையிலும் தடைபட்டு அங்கேயே விழுகிறது. மணல் மூடியதும் கொடி மடிவதில்லை. புதைந்த கணு ஒவ்வொன்றிலும் வேர்விட்டு, புதிய மணலுக்கு மேலே தளிர் நீட்டி, அடுத்த காற்று கொண்டுவரும் மணலையும் பிடித்துக்கொள்கிறது. அருகில் வளரும் இராவணன் மீசைப் புல்லும் இதே வேலையைச் செய்கிறது. அதில் ஆண், பெண் செடிகள் வெவ்வேறு. பெண் செடியின் முள் நிறைந்த உருண்டைக் கதிர் முற்றியதும் கழன்று, காற்றில் கரை நெடுக உருண்டோடி விதை சிந்தும்.

[காட்சி: சவுக்குத் தோப்பின் நிலம்]

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையைக் காக்கும் நல்ல நோக்கத்துடன் பல இடங்களில் சவுக்கு நடப்பட்டது. ஆனால் அதன் நிழலும், தடித்த அடுக்காக உதிர்ந்து கிடக்கும் சருகும், முழு வெயில் வேண்டும் அடம்பனை வளரவிடுவதில்லை. கடல் தெரிவதற்காக மணல்மேட்டைச் சமப்படுத்துவது இதனினும் பெரிய கேடு என்றே கருதுகிறேன். ஏனெனில் மாரிக்கால அலைகள் கரையை அரிக்கையில் ஈடுகொடுக்கும் மணல் அந்த மேட்டில்தான் சேர்ந்திருக்கிறது.

சிதைந்த மேட்டை மீட்க விரும்புவோர், ஒக்டோபரில் மழை தொடங்கியதும், மூன்று நான்கு கணுக்கள் உள்ள அடம்பன் துண்டுகளை அலை எட்டாத தூரத்தில், நுனி மட்டும் வெளியே தெரியுமாறு மணலில் புதைத்து, கால்நடையும் வாகனமும் ஏறாதபடி வேலியிட்டால் போதும்.