ஜூன் மாதத்துச் செலவைப் பன்னிரண்டாகப் பிரிப்பது எப்படி?

(பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் வணக்கம்.

சிக்கனமாக இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தேங்காய்ச் சில்லைக்கூட இரண்டு வேளைக்குப் பிரித்து வைக்கிற வீடுகள் உங்களுடையவை. அப்படியிருந்தும் மே மாதக் கடைசியில் அடகுக் கடை வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேர் நன்றாகச் சிக்கனம் பிடிப்பவர்கள். அது ஏன் என்ற ஒரு கேள்வியைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

நாம் எல்லோரும் போடுவது மாதக் கணக்கு. வாடகை, மளிகை, பால், கேஸ், பஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் மாதாமாதம் வருவதால் மனப்பாடமாகவே இருக்கின்றன. குடும்பத்தைக் கவிழ்ப்பது இந்தச் செலவுகள் இல்லை. வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருகிற செலவுகள்தான் கவிழ்க்கின்றன. ஜூன் வரும் என்று ஜனவரியிலேயே தெரியும். தீபாவளி எந்தத் தேதி என்று காலண்டரிலேயே போட்டிருக்கிறது. ஆனாலும் அவை வரும்போது திடீர்ச் செலவு என்று சொல்லிக் கடன் வாங்குகிறோம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் ₹24,000. மூத்த பெண் அரசுப் பள்ளியில் 8-ம் வகுப்பு. சின்னவன் தனியார் பள்ளியில் 2-ம் வகுப்பு, கட்டணம் வருடத்துக்கு ₹16,000. ஜூனில் முதல் தவணை ₹8,000, அதோடு ஷூ, பை, நோட்டு, வேன் முன்பணம் என்று ₹4,000. அக்டோபரிலும் ஜனவரியிலும் தலா ₹4,000 தவணை. பள்ளிக்கு மட்டும் ₹20,000 ஆகிவிட்டது. தீபாவளிக்குத் துணி, பலகாரம் ₹7,000. பொங்கல் ₹3,000. ஊர்த் திருவிழாவும் குலதெய்வமும் ₹4,000. மொய், சீர் ₹6,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் ₹4,000. காய்ச்சல், பல்வலி என்று மருத்துவத்துக்கு ₹4,000. கூட்டிப் பாருங்கள், ₹48,000 வரும். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ₹4,000.

அப்படியென்றால் அந்த வீட்டின் வருமானம் ₹20,000 என்றுதான் கொள்ள வேண்டும். மீதி ₹4,000 அவர்கள் கைக்கு வந்தாலும் அவர்களுடையது இல்லை. அது ஜூனுக்கும் தீபாவளிக்கும் சொந்தம். ₹24,000-ஐ வைத்து எவ்வளவு கச்சிதமாக மாதக் கணக்கு எழுதினாலும் அது தோற்கத்தான் செய்யும், எழுதத் தொடங்கிய எண்ணே தப்பு என்பதால்.

எடுத்து வைக்காத ₹4,000 எங்கே போகிறது என்று கேட்டால், வட்டிக்குப் போகிறது. தண்டல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ₹10,000 தண்டல் என்று சொல்லி ₹1,500 பிடித்துக்கொண்டு கையில் ₹8,500 தருவார்கள். தினம் ₹100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 8,500-க்கு 1,500 தானே, மோசமில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டாம் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. ஐம்பதாவது நாளில் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். முழு 100 நாளும் ₹8,500 உங்கள் கையில் இருக்கவே இல்லை. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 120 சதவீத வட்டி ஆகிறது. இது 10 வட்டிக்குச் சமம், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் வாசலில் வந்து நிற்பவரிடம் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? கடன் வாங்காமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிற பாதுகாப்பு.

இனி செய்முறைக்கு வருகிறேன். ஒரு தாளில் ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு கட்டம் போடுங்கள். போன வருடம் எந்த மாதத்தில் நகை அடகுக்குப் போனது என்று யோசித்து அங்கிருந்து நிரப்புங்கள். அதுதான் உங்கள் வீட்டின் பள்ளம். மொய்க்கு ஊகம் வேண்டாம், வீட்டில் மொய் நோட்டு இருக்கும். நமக்கு ₹1,000 வைத்தவர் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் அடுத்த வருடச் செலவு பாதி தெரிந்துவிடும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணப் பத்திரிகை வராது. அந்த இரண்டு மாதமும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்க முடிகிற மாதங்கள்.

சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற கொத்தனார், தறி வேலை செய்பவர் வீடுகளுக்கு ஒரு தனிச் சேதி. மாதத்துக்கு நான்கு வாரம் என்று கணக்கு வைத்து வாழ்கிறீர்கள். வருடத்துக்கு 52 வாரம் இருப்பதால் குறைந்தது 4 மாதங்களில் ஐந்தாவது சனிக்கிழமை வரும். அந்த நான்கு வாரச் சம்பளமும் மாதக் கணக்கில் இல்லாத பணம். காலண்டரில் இன்றைக்கே அவற்றை வட்டமிட்டு வைத்து, அப்படியே வருடச் செலவு நிதிக்குப் போட்டுவிடுங்கள். கட்டட வேலைக்காரர்களுக்கு இது உயிர் மாதிரி. வடகிழக்குப் பருவமழையில் வேலை படுத்துவிடுகிற அக்டோபர், நவம்பரில்தான் தீபாவளியும் வருகிறது.

எடுத்து வைக்க மாதம் ₹4,000-க்கு எங்கே போவது? எல்லாவற்றிலும் பத்துப் பத்தாக வெட்டினால் வீடு முழுக்கச் சண்டைதான் வரும், பணம் மிஞ்சாது. பெரிதாக ஒழுகுகிற மூன்று நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

ரேஷனை முழுசாக வாங்குங்கள். துவரம் பருப்பு கிலோ ₹30, பாமாயில் லிட்டர் ₹25. வெளியில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். சாதத்துக்கு ரேஷன் அரிசி பிடிக்கவில்லை என்றால் புழுங்கலை மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் சேர்ந்தால் சுமார் 3 கிலோ மாவு கிடைக்கும். வாரம் இரண்டு பாக்கெட் மாவு வாங்குகிற வீடு இதிலேயே மாதம் முன்னூறு ரூபாய்க்குக் குறையாமல் பிடிக்கலாம்.

எண்ணெய் எப்போதும் மூன்றாவது வாரத்தில் தீர்ந்துபோகும். டின்னிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றுவதுதான் காரணம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் போதும். வாரத் தொடக்கத்தில் அரை லிட்டரைத் தனிக் குப்பியில் ஊற்றி அதிலிருந்து மட்டும் எடுங்கள். புதன்கிழமையே குப்பி பாதிக்குக் கீழே போய்விட்டால் அந்த வாரம் வடைச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. சிலிண்டர் மாட்டிய தேதியையும் அதன் மேலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள். போன தடவை 40 நாள் வந்தது இந்தத் தடவை 30 நாளில் தீர்ந்தால், டியூபில் கசிவு இருக்கிறதா, பர்னர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்சாரம் இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 75 வாட் பழைய மின்விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட் இழுக்கும். மின்சாரத்தைக் குறைவாக இழுக்கிற புது ரகமான 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி 22 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும். பழைய விசிறி காயில் போய் ரிப்பேருக்கு வந்தால், காயில் கட்டக் கொடுக்கும் காசோடு கொஞ்சம் சேர்த்துப் புதிதையே வாங்கிவிடுங்கள். நன்றாக ஓடுகிற விசிறியைக் கழற்ற வேண்டாம்.

பிள்ளைகளின் தின்பண்டம். ஆளுக்குத் தினம் பத்து ரூபாய் பாக்கெட் என்றால் இரண்டு பிள்ளைக்கு 25 நாளில் ₹500, வருடத்துக்கு ₹6,000. அந்தக் காசில் வயிற்றுக்குப் போவது மைதாவும் சர்க்கரையும் உப்பும். நூறு கிராம் பச்சைப்பயறு ராத்திரி ஊறவைத்துச் சுண்டல் செய்தால் இரண்டு டப்பா நிறையும், செலவும் பாதிதான். தினமும் முடியாது, வாரம் மூன்று நாள் சுண்டல், ஒரு நாள் வேர்க்கடலை உருண்டை, இரண்டு நாள் பாக்கெட் என்று வைத்தால் பிள்ளையும் ஒத்துக்கொள்ளும். பாலில் கலக்கும் பவுடர் டப்பாவைத் திருப்பி, நூறு கிராமில் சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அப்பாக்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ₹150 வீதம் மாதத்தில் 15 நாள் மதுக்கடைக்குப் போனால் ₹2,250. நாம் தேடுகிற நாலாயிரத்தில் பாதிக்கு மேல் அங்கே கிடக்கிறது. அதைத் தொடாமல் பிள்ளையின் பாலில் தண்ணீர் கலப்பது அநியாயம்.

வெட்டக் கூடாத இடங்களும் உண்டு. முட்டை, பருப்பு, கீரை, பால் நான்கிலும் கை வைக்காதீர்கள். வளரும் பிள்ளைக்குப் புரதம் குறைந்தால் இழப்பு இந்த மாதக் கணக்கில் தெரியாது. தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள், புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு ஓட முடியாது.

அடுத்தது பள்ளி. வீட்டுக் கணக்கில் இதைவிடப் பெரிய முடிவு கிடையாது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். தனியார் பள்ளிக் கட்டணம் தாங்காமல் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றுவது பல வீடுகளில் 9-ம் வகுப்பிலோ 11-ம் வகுப்பிலோ நடக்கிறது. அதுவரை கடன் வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, முடியாதபோது மாற்றுகிறார்கள். மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்று தோன்றினால் 6-ம் வகுப்பிலேயே மாற்றுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கிறது; அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் மாதம் ₹1,000 தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் அதே ஏழு வருடம்தான் கணக்கு. 9-ம் வகுப்பில் மாற்றுகிறவர், மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு இவற்றையும் இழக்கிறார். ஏற்கெனவே அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் ஜூன் முதல் வாரத்தில் பை, செருப்பு, சீருடை என்று அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பள்ளியில் என்ன வரும், எப்போது வரும் என்று வகுப்பு ஆசிரியரைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பத்து வயது தாண்டிய பிள்ளைக்கு அந்தப் பன்னிரண்டு கட்டத் தாளைக் காட்டலாம். காசில்லை என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். கடையில் நின்று வேண்டாம் என்று சொல்வதும் கூடாது. பிள்ளை அழும், நாம் தோற்போம். வீட்டிலேயே, இந்தத் தீபாவளிக்கு உன் துணிக்கு ₹1,200, எதை வாங்குவது என்பது உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள். ஆடித் தள்ளுபடியில் முன்கூட்டியே வாங்குவதானால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள், மூன்று மாதத்தில் பிள்ளை வளர்ந்திருக்கும்.

எடுத்து வைத்த பணத்தை எங்கே போடுவது? அரிசிப் பானையில் வைத்தால் கை போகும். ஜிபே இணைத்த கணக்கில் வைத்தாலும் அப்படித்தான், இருபது முப்பது ரூபாயாகக் கரைந்துவிடும். தீபாவளிச் சீட்டு வேண்டாம். பதிவு இல்லாதவரிடம் பணம் போட்டு, அவர் ஐப்பசியில் காணாமல் போனால் கையில் இருப்பது ஒரு அட்டை மட்டும்தான். சீட்டுக்கு மாதாமாதம் கட்டுகிற ₹1,000-ஐ வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பில், அதாவது ஆர்.டி.யில் போட்டால், 6.5 சதவீத வட்டி என்றாலும் ₹400-க்குச் சற்று மேல் கூடுதலாக வரும். பள்ளிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று இரண்டு ஆர்.டி. போடுங்கள். பள்ளி ஆர்.டி. மே 15-ல் முதிரும்படி தொடங்குங்கள். தபால் நிலைய ஆர்.டி. 5 வருடம், செல்வமகள் சேமிப்பு அதைவிட நீளம், பெண் 10-ம் வகுப்பு முடிக்கும் வரையோ 18 வயது ஆகும் வரையோ எடுக்க முடியாது. செல்வமகளுக்கு வருடம் குறைந்தது ₹250 கட்டிக் கணக்கை உயிரோடு வையுங்கள். ஆனால் ஜூன் கட்டணப் பணத்தை அதில் பூட்டிவிடாதீர்கள். வாரச் சம்பளக்காரர்களுக்கு ஆர்.டி. தேதி ஒத்துவராது. ஏ.டி.எம். கார்டு வாங்காத தபால் நிலைய சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிச் சனிக்கிழமைப் பணத்தை திங்கட்கிழமை கட்டுங்கள்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது முதல் வருடத்தில். இன்றைக்குத் தொடங்குகிறோம், இரண்டு மாதத்தில் ஒரு பெரிய செலவு வருகிறது, கணக்கில் ₹8,000-தான் இருக்கிறது. இது சரிப்படாது என்று கைவிடுகிறார்கள். முதல் வருடத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப முடியாது. அதனால் அடுத்து வருகிற ஒரே ஒரு செலவை மட்டும் குறிவையுங்கள். அதில் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் மகளிர் குழுவின் உள்கடனில், அதாவது குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடனில், ஒன்று அல்லது இரண்டு வட்டிக்கு எடுங்கள். குழுவில் கிடைக்காவிட்டால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன். ₹12,000 தேவைப்படும் இடத்தில் ₹4,000 மட்டும் கடன் வாங்கினால் மூன்று மாதத்தில் அடைத்துவிடலாம். அடைத்து முடித்த மறு மாதமே, கட்டிக்கொண்டிருந்த தவணைத் தொகையைக் குறைக்காமல் அப்படியே ஆர்.டி.க்கு மாற்றிவிடுங்கள்.