கொண்டி போடாத கதவு

வணக்கம் நேயர்களே. இரவு பத்து மணிக்குப் பிறகு கொழும்பு புறக்கோட்டை பிரதான வீதியில் நடந்திருப்பீர்கள். கடை ஷட்டர்கள் விழுந்ததும் அந்தப் படிகளில் வீடில்லாதவர்கள் படுக்கும் காட்போட் மட்டைகள் விரிகின்றன. "குடிகாரர், சோம்பேறிகள்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். நானும் அப்படி ஓடியவன்தான்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒருவர் எனக்குப் பழக்கம். ஐம்பது வயதிருக்கும். வெள்ளி இரவுகளில் பிளேன்டீயும் பணிசும் கொண்டுபோவோம். அவர் படுத்து நான் கண்டதேயில்லை. சுவரில் முதுகை ஒட்டி, உட்கார்ந்தபடி தூங்குவார். செருப்பைக் கழற்றவும் மாட்டார். நண்பர்கள் சேர்ந்து கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஓர் அறை எடுத்தோம். கட்டில், மின்விசிறி எல்லாம் வைத்தோம். ஐந்தாம் நாள் பார்த்தால், மனிதர் பழைய சுவரடியில்.

எனக்குக் கோபம். "இவ்வளவு செய்தும் இப்படியா அண்ணே?" என்றேன். பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, கதவு சாத்துற சத்தம் கேட்டா எனக்கு மூச்சு நிக்குது."

சிறுவயதில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர். அடிக்க வருபவர் முதலில் கதவுக்குக் கொண்டி போடுவாராம். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் பெல்ட். பதின்மூன்று வயதில் ரயிலேறிவிட்டார். வீதியில் அடித்தால் நாலு பேர் பார்ப்பார்கள். வீட்டுக்குள் அடித்தால் யார் பார்ப்பது? இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நமக்கு வீடு என்றால் பாதுகாப்பு, அவருக்கு அதுதான் பயம்.

அடிக்குப் பயந்து எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டே வளரும் பிள்ளையின் உடம்பு அதற்கே பழகிவிடுகிறது. பெரியவரான பிறகும் தூக்கம் பிடிக்காது, யாரையும் நம்ப வராது. 1998இல் ஃபெலிட்டி, அண்டா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். பல்லாயிரம் பேரிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டிருந்தார்கள். துன்பத்தின் வகைகள் கூடக்கூட, பிற்காலத்தில் குடியும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடியிருந்தன. அடிபட்ட எல்லோரும் வீதிக்கு வருவதில்லை. வேலை போய், வாடகையும் கட்ட முடியாதபோது, தாங்கிப்பிடிக்க ஆளில்லாதவர் வருகிறார்.

சரி, அந்த அறைக் கதவைக் கழற்றிவிட்டுத் திரைச்சீலை போட்டோம். இப்போது வாரத்தில் மூன்று இரவு அங்கே தூங்குகிறார். செருப்போடுதான்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. அலைந்து திரிபவர்களைப் பிடிக்க வெள்ளைக்காரர் 1841இல் கொண்டுவந்த சட்டம் பற்றியும் பேச இருந்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும்: பக்கத்து வீட்டில் பிள்ளை அலறுவது கேட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அழையுங்கள். இலக்கம் 1929. மறுபடியும், 1929. வணக்கம்.