முதல்ல கோலுக்கு வந்தவர் ஏன் ரெண்டாவது இடம்? – சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இமாச்சலப் பிரதேசத்துல நடக்குற பீர் பில்லிங் பாராகிளைடிங் போட்டியைப் பத்திப் பேசினப்போ, எல்லாருக்கும் ஒரே ஸ்டார்ட் நேரம்னு சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர் எழுதியிருக்கார்: "ஒரே நேரத்துல கிளம்பினா, முதல்ல வந்து சேர்றவர்தானே ஜெயிக்கணும்? சில நாள் ரிசல்ட்ல ரெண்டாவதா வந்தவர் பேர் மேல இருக்கே, எப்படி?" ரொம்ப நல்ல கேள்வி. இதைச் சரியாச் சொல்லணுமேன்னு ரெண்டு நாளா இதே நினைப்புதான்.

ஒரு நல்ல நாளுக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. அதுல தூரத்துக்கு ஒரு பங்கு, நேரத்துக்கு ஒரு பங்கு, முன்னால போனதுக்கு ஒரு பங்கு. முதல்ல முடிச்சவருக்கு நேரப் புள்ளி முழுசா உண்டு, அதுல யாரும் கை வைக்க முடியாது. மூணாவது பங்குலதான் விஷயம் இருக்கு. ஒவ்வொருத்தரோட ஜிபிஎஸ் பதிவையும் எடுத்து, எந்தெந்த நிமிஷத்துல இவருக்கு இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி இருந்ததுன்னு பாக்குறாங்க. ரேஸ் பூரா யாருக்குப் பாக்கி தூரம் குறைவா இருந்துதோ, அவருக்குப் புள்ளி அதிகம். ஏன்னா முன்னால தனியாப் போறவர் தெர்மல், அதாவது மேல ஏறுற சூடான காத்து, எங்க இருக்குன்னு தேடணும். பின்னால வர்றவங்களுக்கு அந்த வேலை இல்ல. அவர் எங்க வட்டம் போட்டு ஏறுறாரோ, நேரா அங்க வந்துடலாம். வழி காட்டினவருக்கு அதுக்கான கூலி இது. அதனால கடைசி வரைக்கும் கூட்டத்துக்குள்ள இருந்துட்டு 20 செகண்ட் முன்னால வந்தவரை, பாதி ரேஸை இழுத்துட்டு வந்தவர் மொத்தத்துல தாண்டிடலாம். இந்தப் புள்ளி முறைக்குப் பேர் கேப் (GAP). கெரால்ஃப் ஹைன்ரிக்ஸ், ஆஞ்செலோ கிரபன்சானோ, பால் மோலிசன் மூணு பேரோட ஆங்கில முதல் எழுத்துதான் அது.

இது கேட்டதுக்குப் பதில். ஆனா அந்த 20 செகண்ட் எங்க கிடைக்குது, எங்க போகுதுன்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். வழக்கமாப் பாக்குறவங்களுக்குத் தெரியும், நான் என்ன சொல்லப் போறேன்னு. ரேஸ் ஸ்பீட் பார்ல (காலால மிதிச்சு வேகத்தைக் கூட்டுற கம்பி) இல்ல, தெர்மல்லதான் இருக்கு.

கணக்கு போட்டுப் பாருங்க. 10 கிலோமீட்டர் கிளைடு, அதாவது ஏறாம சறுக்கிப் போறது. மணிக்கு 50 கிலோமீட்டர்ல போனா 12 நிமிஷம். பாரை இன்னும் மிதிச்சு 55ல போனா 65 செகண்ட் மிச்சம். ஆனா கிளைடு விகிதம் (1 மீட்டர் இறங்குறதுக்குள்ள எத்தனை மீட்டர் முன்னால போறோம்ங்கிறது) 10ல இருந்து 9க்கு இறங்கிடுதுன்னு வெச்சுக்கோங்க, 110 மீட்டர் கூடுதலாக் கீழ வந்திருப்பீங்க. அதை 3 மீட்டர் தெர்மல்ல (செகண்டுக்கு 3 மீட்டர் தூக்குறது) திரும்ப ஏற 37 செகண்ட். ஆக நிகர லாபம் 28 செகண்ட். இப்போ இன்னொரு பக்கம். அதே ஆள் 1000 மீட்டர் ஏறணும். 3 மீட்டர் தெர்மல்ல 5 நிமிஷம் 33 செகண்ட். 2 மீட்டர் தெர்மல்ல 8 நிமிஷம் 20. ஒரே ஒரு தப்பான தெர்மல்ல நின்னதுக்கு 2 நிமிஷம் 47 செகண்ட் போச்சு! அதை ஈடுகட்டவே இந்த மாதிரி ஆறு கிளைடுல பார் மிதிக்கணும். இதனாலதான் உயரம் கையில இருக்கும்போது சுமாரான தெர்மலை விட்டுட்டுப் போகணும். கீழ இருக்கும்போது மட்டும், ஏறுற வேகத்தைக் காட்டுற வேரியோ 1 மீட்டர் காட்டினாலும் பிடிச்சுக்கணும், அங்க பெருமை பாக்கக் கூடாது.

பீர்ல இது கண்ணு முன்னாலயே நடக்கும். பில்லிங் டேக்ஆஃப் கிட்டத்தட்ட 2400 மீட்டர். அங்கிருந்து மேற்க தௌலாதார் மலையோட தெற்கு முகம், தர்மசாலா பக்கம் நேர்கோட்டுல சுமார் 40 கிலோமீட்டர். நடுவுல மலையில இருந்து விரல் விரலா கிளை முகடுகள் இறங்கும். காலையில வெயில் கிழக்கு பாத்த சரிவுலதான் முதல்ல படும், தெர்மலும் அங்க முதல்ல கிளம்பும். மதியத்துக்கு மேல மேற்கு பாத்த சரிவுக்கு மாறிடும். காலையில கிடைச்ச இடத்தையே மூணு மணிக்கும் தேடிப் போறவர் நிழல்ல போய் உக்காந்துடுவார். டாஸ்க் (அன்னிக்குப் பறக்க வேண்டிய பாதை) போடுறவங்க ஒரு டர்ன்பாயின்ட்டை (தொட்டுட்டுத் திரும்ப வேண்டிய இடம்) காங்க்ரா சமவெளிக்குள்ள வெச்சாங்கன்னா, மலையை விட்டு வெளிய போகணும், அங்க ஏற்றம் பலவீனம். அவசரப்பட்டவங்க அங்கதான் தரையில நிப்பாங்க.

ஸ்டார்ட்டும் இதே கதைதான். 12:30க்கு ஸ்டார்ட்னா, அந்த நேரத்துக்கு சிலிண்டர் (ஒரு புள்ளியைச் சுத்தி ஜிபிஎஸ்ல போட்ட வட்டம்) கோட்டுக்கு ஒட்டி, கூட்டத்தோட உச்சியில இருக்கணும். 300 மீட்டர் கீழ இருந்தா, 3 மீட்டர் ஏற்றத்துல 100 செகண்ட் கடனோட ரேஸைத் தொடங்குறீங்க. முன்கூட்டியே கோட்டைத் தாண்டிட்டா, திரும்பிப் போய் மறுபடி தாண்டணும்.

அப்போ பார் வேண்டாமான்னா, வேணும். எல்லாரும் மிதிக்கிறாங்க, நீங்களும் மிதிக்கணும். ஆனா பார் மிதிச்சிருக்கும்போது பிரேக் இழுக்கக் கூடாது. இறக்கையோட முன்விளிம்பு அப்போ காத்தைக் குறைஞ்ச கோணத்துல சந்திக்குது, பிரேக் போட்டா அது இன்னும் சுலபமா மடங்கும். பின் ரைசர் (இறக்கையோட பின்பக்கக் கயிறுகள் வந்து சேர்ற பட்டை) கைப்பிடியைக் கையில வெச்சு, முன்விளிம்பு தளர்ற மாதிரி தெரிஞ்ச உடனே லேசா இழுத்து, அதே நேரத்துல காலையும் தளர்த்தணும். தெர்மலுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே கால் தளர்ந்திருக்கணும்.

கடைசியா ஒண்ணு, இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. நேரம் நிக்கிறது கோல்ல இல்ல, அதுக்கு முன்னால ஒரு சிலிண்டர்ல. கோலுக்கு 2 கிலோமீட்டர் முன்னால அது இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தர் முதல் ஆளா அதைத் தொட்டுட்டார், ஆனா கோலை விட 150 மீட்டர்தான் மேல இருக்கார். கிளைடு 10 வந்தாக்கூட 1500 மீட்டர்தான் போவார். கோலுக்கு 500 மீட்டர் முன்னாடி ஒரு வயல்ல இறங்குவார். நேரம் நின்னாச்சு, ஆனா கோலுக்கு வரல, அதனால நேரப் புள்ளி கிடையாது. அஞ்சு நிமிஷம் பின்னால, கூட ஒரு 100 மீட்டர் ஏறிட்டு வந்தவர் அவர் தலைக்கு மேல பறந்து கோல் கோட்டைத் தாண்டுவார்.