சட்டி இருக்கிறது, அகப்பையைத்தான் காணோம்

(தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில், ஆடிக் கஞ்சி நாளன்று பேசியது. பேசும்போது பாதி ஆங்கிலம் கலந்துதான் பேசினேன். கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால் இங்கே முழுக்கத் தமிழில்.)

எல்லாருக்கும் வணக்கம். முதலில் பொருளாளர் ஐயாவுக்கு வணக்கம். போன வருஷம் இதே மேடையில் அவர் பெயரை விட்டுவிட்டேன், ஆறு மாதம் என்னோடு பேசவில்லை, அதனால் இந்த முறை அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். கோயில் தலைவர் ஐயா, செயலாளர், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அம்மனுக்கு அபிஷேகம் முடித்துவிட்டு இன்னும் கண் அசராமல் உட்கார்ந்திருக்கும் குருக்கள் ஐயா, மாதர் சங்கத் தலைவி அக்கா, அப்புறம் நம் வார்டு கவுன்சிலர் அம்மா. அவருக்கு இன்றைக்கு இது மூன்றாவது கோயில், மூன்றிலும் கஞ்சி குடித்துவிட்டு வந்திருக்கிறார், இங்கேயும் குடிக்காமல் விடமாட்டோம். பின்னால் அடுப்படியில் நிற்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். காஸ் அடுப்பு இரைகிற இரைச்சலில் நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது, ஆனால் அவர்களை விட்டுவிட்டு இங்கே யாரைக் கும்பிட்டும் பிரயோஜனம் இல்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பிள்ளைகளோடு சேர்ந்து குடும்ப நினைவுகளைப் பாதுகாப்பது. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று படம், இரண்டு குரல், மூன்று காகிதம். இருபது நிமிஷம்தான்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். என் அம்மா வாயில் தினம் இரண்டு தடவையாவது வரும் பழமொழி, அதனால் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் நம் வீடுகளைப் பார்த்தால் சட்டியில் குறை ஒன்றும் இல்லை. எண்பது வயது ஆயாமார்கள் நிறையச் சுமந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அகப்பையைத்தான் காணோம். அகப்பை யார்? பிள்ளைகள்தான். அவர்களை உள்ளே விடாமல் நாமே பெரிய மனிதர்கள் மாதிரி நின்று கிண்டிக்கொண்டிருக்கிறோம்.

படத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பழைய படத்தின் பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், பெயர் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், நாளானால் மை முன்பக்கம் ஊறி வந்து மாப்பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். எழுதுவது பிள்ளையின் கையாக இருக்கட்டும். பசை தடவிய பக்கம் உள்ள ஆல்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அப்புறம் வருகிறேன்.

இப்போது குரல். இதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பெரிய கதை.

உங்களுக்குத் தெரிந்த சரித்திரம்தான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் 342 பேர் டர்பனில் வந்து இறங்கினார்கள். 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், அதோடு உடம்பில் என்ன அடையாளம் என்பதும் எழுதியிருக்கும். எழுதினவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், முதலி எல்லாம் மூட்லி ஆனது அப்படித்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன், இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க எங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண்ணைத் தேடினார். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இரண்டு பேரும் வட ஆர்க்காடு ஜில்லா. ஒருவருக்கு வயது 22, இன்னொருவருக்கு 23. இரண்டு வருஷ இடைவெளியில் வெவ்வேறு கப்பல். தகப்பன் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. அண்ணன் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், அந்தக் கப்பல் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது என்கிறார். சரி, வீட்டுக்கு மூத்தவர் சொன்னால் சரிதான் என்று நாங்களும் அந்தத் தாளைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலை போட்டு, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். வெள்ளிக்கிழமை விளக்கு, புரட்டாசியில் படையல். அண்ணனுக்கு அட்டை வந்ததா என்று கவுன்சிலர் அம்மா இருக்கும்போது யாரும் கேட்காதீர்கள்.

இப்போது என் பேரனுக்கு வருகிறேன். ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பெரியவர் ஒருவரிடம் ஐந்து கேள்வி கேட்டு வரச் சொன்னார்கள். கேள்விகளை எழுதிக் கொடுத்தது நான்தான், முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த திமிர். அவன் எங்கள் சின்னம்மாவிடம் போனான். அவருக்கு எண்பத்து நான்கு வயது, அவருடைய தாத்தாதான் அந்தக் கொள்ளுத்தாத்தா. பையன் போனை நீட்டிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டான், அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி இருந்தது ஆயா? சின்னம்மா சொன்னார், நல்லாத்தான் இருந்தது. அவ்வளவுதான். என் ஐந்து கேள்வியும் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பிறகு பையன் போனைக் குப்புற வைத்துவிட்டு, அணைக்காமலே, கீழே உட்கார்ந்து சின்னம்மாவோடு முருங்கைக் கீரை உருவ ஆரம்பித்தான். காலில் கட்டு, முந்தின நாள் கால்பந்து ஆடும்போது விழுந்தது. அந்தக் கட்டைச் சொறிந்துகொண்டே, உங்க தாத்தாவுக்கும் இப்படி அடி பட்டிருக்கா ஆயா என்று கேட்டான். இந்தக் கேள்வி என் தாளில் இல்லை. சின்னம்மா கீரையை முறத்தில் போட்டுவிட்டு, அவன் இடது காலை இழுத்து வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் ஒரு கோடு போட்டார். பாதி நிலா மாதிரி, நாலு விரல் நீளம். ஊரில் சின்னப் பையனாக இருக்கும்போது கலப்பைக் கொழு கிழித்ததாம். மழை வருவதற்கு முன்னால் அந்தத் தழும்பு அரிக்குமாம். தாத்தா காலைச் சொறிந்தால் வீட்டில் எல்லாரும் எழுந்து ஓடிக் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்களாம். போனில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, நடுநடுவே கீரை உருவுகிற சத்தத்தோடு.

அன்று ராத்திரி அண்ணனுக்குப் போட்டுக் காட்டினோம். மனிதர் பேசவே இல்லை. அலமாரியைத் திறந்து இரண்டு தாளையும் எடுத்து மேசையில் வைத்தார். பதினோரு வருஷமாக மாலை போட்டவருக்கு எழுதியிருந்தது, வலது தோளில் மச்சம். ஒதுக்கி வைத்தவருக்கு, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு.

சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டில் மாட்டியிருப்பது யார் என்று போய்ப் பாருங்கள்.

சட்டத்தைக் கழற்றப் போனபோது சின்னம்மா விடவில்லை. பதினோரு வருஷம் சோறு வைத்தாச்சு, இப்போ இறக்கினால் அவர் எங்கே போவார் என்று கேட்டார். இப்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிறார்கள். புரட்டாசியில் இரண்டு இலை.

சட்டியில் இருந்தது எண்பத்து நான்கு வருஷமும் இருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பெரியவர்கள் மொண்டது தவறான ஆளை. அதனால்தான் சொல்கிறேன், அந்தக் காலம் எப்படி என்று கேட்காதீர்கள். காயைப் பற்றி, தழும்பைப் பற்றி, செருப்பைப் பற்றிக் கேட்க வையுங்கள். கை வேலையில் இருக்கும்போது கேட்க வையுங்கள். பதிவானதை ஒரே போனில் விட்டுவைக்காமல் இன்னொரு இடத்திலும் வையுங்கள்.

மூன்றாவது, காகிதம். எங்கள் அம்மாவின் தகரப் பெட்டி, டர்பன் நகராட்சி இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்த மேகசின் பாரக்ஸில் இருந்தது, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் எல்லாரையும் கிளப்பி இங்கே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது லாரியில் வந்தது. அதற்குள் ஒரு மொய் நோட்டு. முன்பாதியில் ஐந்து ஷில்லிங், பத்து ஷில்லிங் என்று இருக்கும், 1961இல் பணம் மாறியதால் பின்பாதியில் ராண்ட். எல்லாம் தமிழ் எழுத்து. யார் நம்மோடு நின்றார்கள் என்பது முழுக்க அதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஐம்பது வயதுக்குக் கீழே அதை வாசிக்க ஆள் இல்லை. தழும்பைக் கண்டுபிடித்த அந்தப் பேரன் எழுத்துக் கூட்டப் பார்த்தான். உயிரெழுத்து பன்னிரண்டும் தெரியும், மெய்யில் க், ங் வரைக்கும் வந்து நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்று கேளுங்கள்.

தலைவர் ஐயா, என் பக்கம் பார்க்காமல் தண்ணீர் குடிக்கிறீர்கள், பரவாயில்லை. இதே மண்டபத்தில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தமிழ் வகுப்பு நடந்தது. போன வருஷத்திலிருந்து அந்த நேரத்தை டான்ஸ் வகுப்புக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விட்டாயிற்று. வகுப்பை மத்தியானம் இரண்டு மணிக்கு, அடுப்படிக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் அறைக்குத் தள்ளினீர்கள். இரண்டு மணிக்குப் பிள்ளைகள் கால்பந்து மைதானத்தில் இருப்பார்கள். இருபத்தாறு பேர் வந்த இடத்தில் இப்போது ஐந்து பேர். வாடகை வேண்டும், கூரை ஒழுகுகிறது, எல்லாம் புரிகிறது. ஆனால் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் ஐயா. மொய் நோட்டை நாம் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது எடைக்குப் போடுகிற காகிதம்தான்.

நான் கேட்பது இரண்டு மணி நேரம், ஒன்பதிலிருந்து பதினொன்று. கல்யாணப் பெண் எப்படியும் பதினொன்றுக்கு முன்னால் தயாராகப்போவதில்லை. கூடவே பூட்டு போட்ட ஒரு அலமாரி. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் நோட்டு, கடிதம், படம் எல்லாவற்றையும் படி எடுத்து வைக்கலாம். அலமாரியை நான் வாங்கித் தருகிறேன், மாதர் சங்கத்து அக்கா பாதிப் பணம் தருவதாக இப்போது தலையாட்டினார், எல்லாரும் பார்த்தீர்கள்.

ஆல்பத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன், நேரமில்லை. அடுப்படியிலிருந்து கை காட்டுகிறார்கள், கஞ்சி ஆறுகிறதாம். அடுத்த சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு நான் பிள்ளைகளோடு வாசலில் நிற்பேன். மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் யாராவது கஞ்சி வரிசையில் என் காதில் சொல்லிவிடுங்கள்.