காதில் விழாத மரியாதை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'ஹி' என்றொரு சொல். அவன் என்றாலும் அதுதான், அவர் என்றாலும் அதுதான். கடவுளைக் குறிக்கும்போது மட்டும் சிலர் அதன் முதல் எழுத்தைக் கேப்பிடலில் எழுதுவார்கள். ஹிம், ஹிஸ் எல்லாமே அப்படித்தான். இப்போது நான் வாய்விட்டுச் சொன்னேனே, எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்று உங்களுக்குத் தெரிந்ததா? தெரிந்திருக்காது. அந்த மரியாதை கண்ணுக்கு மட்டும்தான்.

இது ஆதிகாலத்து வழக்கமும் இல்லை. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் கடவுளுக்கும் சின்ன எழுத்துதான். பழைய ஏற்பாட்டின் மூல எபிரேயத்திலோ, நம் தமிழைப் போலவே, பெரிய எழுத்து என்பதே கிடையாது. 1982-இல் முழுமையாக வெளிவந்த நியூ கிங் ஜேம்ஸ் பதிப்பு பெரிய எழுத்து வைக்கிறது. நியூ இன்டர்நேஷனல் பதிப்பு வைப்பதில்லை.

சரி, மரியாதைதானே, வைத்தால் என்ன? பிரசங்கங்களைத் தமிழில் மொழிபெயர்க்கிற எனக்கு ஓரிடத்தில் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. பைபிளில் யோவான் எழுதிய சுவிசேஷம், 9-ஆம் அதிகாரம். பிறவிக் குருடன் ஒருவனுக்கு இயேசு பார்வை கொடுக்கிறார். யூத சமயத்தில் கண்டிப்பான ஒரு பிரிவினரான பரிசேயர்கள் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். இயேசுவைப் பற்றி, "இந்த மனுஷன் பாவி" என்கிறார்கள். நியூ கிங் ஜேம்ஸில் அந்த 'மேன்' என்ற சொல்லுக்கும் கேப்பிடல் எம்! பாவி என்று பழிக்கிறவர்கள் வாயிலேயே மரியாதையைத் திணித்தாயிற்று. பக்தி பதிப்பித்தவர்களுடையது. பேசுகிறவர்களுக்கு அது துளியும் கிடையாது.

அதே இடத்தைத் தமிழ் பைபிளில் பாருங்கள். பரிசேயர்கள், "இவன் எங்கேயிருந்து வந்தவன்" என்று கேட்கிற தொனியில் பேசுகிறார்கள். கண் திறக்கப்பட்டவன் அவர்களுக்குப் பதில் சொல்லும்போது 'அவர்' என்கிறான். ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் ஒரே 'ஹி'தான். தமிழில் இவனுக்கும் அவருக்கும் நடுவே அந்த வழக்கு முழுவதும் நிற்கிறது.

இதற்காக ஆங்கிலத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மொழிக்கு 'அவர்' இல்லை. இருக்கிற எழுத்தை வைத்துக் கும்பிடுகிறது. ஆனால் பெரிய எழுத்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு 'அவர்' என்று எழுதிவிட எனக்குக் கை வராது. முதலில் பேசுகிறவன் யார் என்று பார்ப்பேன். பரிசேயன் என்றால் 'இவன்'தான்.